பெட்ரோலில் கலந்த எத்தனாலும் சிறு இயந்திரங்களின் பாதுகாப்பும்

கரும்பும் மக்காச்சோளமும் பயிரிடும் குடியானவர்களுக்கு எத்தனால் என்னும் சாராயச் சத்து அறியாத பொருளன்று. கரும்புச் சாறு, ஆலையில் எஞ்சும் கழிவுப்பாகு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து அது வடிக்கப்பெற்றுப் பெட்ரோலுடன் கலக்கப்படுகின்றது. இதனால் அவர்களுடைய விளைபொருளுக்கு ஒரு புதிய கிராக்கி உண்டாயிற்று. ஆயினும், அதே குடியானவரின் கொட்டகையில் மருந்து தெளிக்கும் இயந்திரமும், புல்வெட்டியும், களையெடுக்கும் இயந்திரமும், சிறு பெட்ரோல் பம்பும், சிலரிடத்தில் ஒரு பழைய மோட்டார் காரும் இருக்கின்றன. வருமானம் தரும் இந்தப் பொருளே இவ்வியந்திரங்களுக்குப் பழுது விளைவிக்கவும் கூடும். அது எவ்வாறு நேர்கின்றது, சிறு செலவில் அதைத் தடுப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டீசலால் ஓடும் டிராக்டர், பவர் டில்லர் முதலியவற்றிற்கு இங்குக் கூறுவன பொருந்தா. பெட்ரோலால் ஓடுவனவற்றிற்கே இவை உரியன.

1. கலப்பு வந்த வரலாறு

பெட்ரோலில் சாராயம் கலக்கும் எண்ணம் புதியதன்று. 1948-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் பவர் ஆல்கஹால் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. அது 2000-த்தில் நீக்கப்பட்டது. பின்னர் 2003-ஆம் ஆண்டில் சில மாநிலங்களில் நூற்றுக்கு 5 பங்கு எத்தனால் கலக்கும் திட்டம் தொடங்கிற்று. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கலப்பு 10 சதவிகிதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவிகிதக் கலப்புள்ள பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-இல் நாடு முழுவதிலும் சராசரிக் கலப்பு ஏறக்குறைய 20 சதவிகிதம் ஆயிற்று. எத்தனால் சேராத பெட்ரோலும் பங்குகளில் கிடைக்கச் செய்ய வேண்டுமென்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி செய்தது. ஆகவே, கலப்புப் பெட்ரோலைக் கொண்டே வேலை செய்யும் முறையை நாம் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

2. எத்தனாலின் குணங்கள்

இதனிடத்தில் நன்மைகளும் உண்டு. இதன் ஆக்டேன் அளவு பெட்ரோலினும் அதிகம். ஆகையால் இயந்திரத்தில் தட்டல் ஓசை எழுவது குறையும். இதற்கெனச் சமைக்கப்பட்ட புதிய வாகனங்கள் நாள்தோறும் ஓடுமாயின் அஞ்சுவதற்கு இடமில்லை. பழைய இயந்திரங்களைப் பற்றியமட்டில் கவனிக்கத் தக்க குணங்கள் நான்கு.

முதலாவது, வெப்பக் குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் வெப்பம் 100 பங்கு என்றால், ஒரு லிட்டர் எத்தனால் தருவது சுமார் 66 பங்கே. எனவே 20 சதவிகிதக் கலப்பில் வெப்பம் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு குறையும். 2021-இல் வெளியான நிதி ஆயோக் அறிக்கை, கலப்பில்லாத பெட்ரோலுக்கெனச் சமைத்து 10 சதவிகிதக் கலப்புக்குத் திருத்தப்பெற்ற கார்களில் 6 முதல் 7 சதவிகிதமும், அத்தகைய இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவிகிதமும் மைலேஜ் குறையலாம் என்று மதிப்பிட்டது.

இரண்டாவது, எத்தனாலில் பிராணவாயு அடங்கியிருத்தல். இதனால் கார்புரேட்டருள்ள இயந்திரத்தில் பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உரிய விகிதம் மாறிக் காற்று மிகுந்துவிடுகின்றது. புதிய வாகனங்கள் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். புல்வெட்டி அவ்வாறு செய்யாது. அது சூடேறும், புறப்படத் தயங்கும்.

மூன்றாவது, கரைக்கும் தன்மை. பழைய ரப்பர்க் குழாய்களும், கார்க்கினால் ஆன அடைப்புகளும் எத்தனாலில் ஊறிப் பருத்துப் பின் வெடிக்கும். டாங்கியின் அடியில் பல்லாண்டுகளாகப் படிந்திருக்கும் பிசினும் துருவும் பெயர்ந்து வந்து, ஜெட் எனப்படும் நுண்துவாரத்தை அடைக்கும். நாகம், பித்தளை, அலுமினியம் முதலிய உலோகங்களும் ஈரம் சேர்ந்த எத்தனாலால் அரிக்கப்படும்.

நான்காவதும் மிக முக்கியமானதும் ஜலத்தை இழுக்கும் குணமாகும். பெட்ரோல் ஜலத்துடன் கலவாது. எத்தனாலோ ஜலத்தோடு எளிதில் கலக்கும். 10 சதவிகிதக் கலப்புள்ள ஒரு லிட்டர் பெட்ரோல், 15 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் சுமார் 5 மில்லி லிட்டர் ஜலத்தைத் தாங்கும். 20 சதவிகிதக் கலப்பு அதனினும் சற்று அதிகம் தாங்கும். அவ்வளவைக் கடந்தவுடன் எத்தனாலும் ஜலமும் ஒன்றாய்ப் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். உஷ்ணம் குறையுந்தோறும் தாங்கும் அளவும் குறையுமாதலால், பகலில் தெளிவாய் இருந்த பெட்ரோல் மழைக்காலத்து இரவில் பிரிந்துவிடக் கூடும். பெட்ரோலை இழுக்கும் குழாய் அடியிலேயே இருப்பதால், இயந்திரம் முதலில் உறிஞ்சுவது அந்த அடிநீரைத்தான்.

டூ ஸ்ட்ரோக் இயந்திரங்களில் இந்தத் தீங்கு இருமடங்காகும். அவற்றிற்கு உராய்வைத் தடுக்கும் எண்ணெய், பெட்ரோலில் கலந்தே செல்லுகின்றது. பிரிந்த அடிநீரில் இவ்வெண்ணெய் கலவாது. ஆகவே பிஸ்டன் எண்ணெயின்றி ஓடிச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.

இவற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை விளங்கும். கலப்புப் பெட்ரோல் எரியும்போது செய்யும் தீங்கு சிறிது. தங்கும்போது செய்யும் தீங்கே பெரிது. கார் வாரந்தோறும் பெட்ரோல் நிரப்பப்பெற்று ஓடுகின்றது. மருந்து தெளிப்பானோ வருஷத்தில் சில நாட்களே ஓடி, ஏனைய நாட்களில் மூலையில் கிடக்கின்றது. மாதக்கணக்கில் தங்கிய பெட்ரோலோடு அதை ஐப்பசியில் வயலுக்கு எடுத்துச் சென்றால், பூச்சி பயிரைத் தின்றுகொண்டிருக்கும் நாளில் இயந்திரம் பழுதுபார்ப்பவரின் கடையில் இருக்கும்.

3. எத்தனால் உண்டா என்று அறியும் பரீட்சை

அளவுக்கோடிட்ட 100 மில்லி கண்ணாடிக் குழாய் ஒன்றில் 50 மில்லி ஜலம் ஊற்றுக. அதன் மேல் 50 மில்லி பெட்ரோல் ஊற்றி, வாயை மூடி, மெல்லக் குலுக்கி, இடையிடையே மூடியைச் சற்றுத் திறந்து ஆவியை வெளிவிடுக. பின்னர்ப் பத்து நிமிஷம் அசையாமல் வைத்திடுக. பெட்ரோல் மேலும் ஜலம் கீழுமாய்ப் பிரியும். ஜலம் 50 மில்லியிலேயே நின்றால் எத்தனால் இல்லை. அது சுமார் 55 மில்லிக்கு உயர்ந்தால் கலப்பு ஏறக்குறைய 10 சதவிகிதம். 60 மில்லிக்கு உயர்ந்தால் 20 சதவிகிதம். இது தோராயமான கணக்கே. ஆயினும் குடியானவருக்கு இது போதும்.

இப்பரீட்சையைத் திறந்த வெளியில், அடுப்பு, பீடி, மின்பொறி இவற்றிற்குத் தொலைவில் செய்தல் வேண்டும். பரீட்சித்த பெட்ரோலை டாங்கியில் ஊற்றலாகாது; கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டவும் கூடாது.

100 ஆக்டேன் என்று விற்கப்படும் உயர்விலைப் பெட்ரோல்களில் எத்தனால் சேராதவை உண்டு. ஆனால் உயர்தரம் என்னும் பெயர் மட்டும் போதாது. அப்பெயருடையவற்றிலும் எத்தனால் கலந்தவை உண்டு. பங்கில் கேட்டறிந்து, மேற்கண்ட பரீட்சையையும் செய்து பார்த்தே வாங்குதல் நலம்.

4. வேலைக்காலத்தில் செய்யத் தக்கவை

எத்தனாலற்ற பெட்ரோலின் விலை அதிகமாதலால், அதை நாள்தோறும் எரிப்பது வீண் செலவு. சிறு இயந்திரங்களுக்கு 100 ஆக்டேன் தேவையுமில்லை. அதில் நாம் நாடுவது எத்தனால் இன்மையே. வேலைக்காலத்தில் இயந்திரம் தினமும் ஓடும்போது, உற்பத்தியாளரின் குறிப்பேடு அனுமதிக்குமாயின், சாதாரணப் பெட்ரோலையே போடலாம். ஆனால் இரண்டு வாரங்களுக்கு வேண்டிய அளவே வாங்குக. வாங்கிய தேதியைப் பாத்திரத்தில் எழுதி வைக்குக. டூ ஸ்ட்ரோக் எண்ணெயைக் குறிப்பேட்டில் கண்ட விகிதப்படி, அன்றன்றைக்கு வேண்டிய பெட்ரோலில் மட்டும் கலந்து, ஊற்றுமுன் நன்றாய்க் குலுக்குக. மழையில் டாங்கியின் மூடியைத் திறந்து வைக்கலாகாது.

5. வேலை முடிந்தபின் செய்யத் தக்கவை

ஒரு மாதத்திற்கு மேல் வேலையில்லை என்று தெரிந்தவுடன் இம்முறையைக் கைக்கொள்க.

(அ) டாங்கியிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுக. அதை உடனே வேறு வாகனத்தில் பயன்படுத்தலாம். எண்ணெய் கலந்ததாயின் வேறொரு டூ ஸ்ட்ரோக் இயந்திரத்திலேயே பயன்படுத்துக.

(ஆ) எத்தனாலற்ற பெட்ரோல் கால் லிட்டர் ஊற்றி, ஐந்து நிமிஷம் இயந்திரத்தை ஓட்டுக. டூ ஸ்ட்ரோக் ஆயின் எண்ணெய் சேர்த்தே ஊற்றுதல் வேண்டும்.

(இ) மீதியை வடித்துவிட்டு, தானே நிற்கும்வரை இயந்திரத்தை ஓட்டுக. கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் வடிதிருகு இருப்பின், அதையும் திறந்து துடைத்து மூடுக.

(ஈ) ஈரமில்லாத இடத்தில் வைக்குக. அடுத்த பருவத்தில் புதிய பெட்ரோல் ஊற்றியே தொடங்குக.

கால் லிட்டர் உயர்விலைப் பெட்ரோலும் அரைமணி நேர உழைப்பும் கார்புரேட்டர் ஒன்றைப் புதிதாய் வாங்கும் செலவைத் தடுக்கும்.

6. பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும்

அம்பாஸிடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய கார்களையும், பழைய புல்லட், ஸ்கூட்டர்களையும் போற்றி வைத்திருப்போர் முதலில் ரப்பர்க் குழாய்களையும் அடைப்புகளையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிக்கொள்ளுதல் நலம். சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்திற்குப் பின் சில ரப்பர்ப் பாகங்களை மாற்ற நேரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் கூறியுள்ளது. கலப்புப் பெட்ரோல் போடத் தொடங்கிய பின் முதல் சில மாதங்களில் வடிகட்டியை அடிக்கடி பார்த்தல் வேண்டும். பழைய அழுக்கு பெயர்ந்து வருவது அப்போதுதான். நெடுநாள் நிறுத்தும் வண்டியின் இரும்பு டாங்கியை எத்தனாலற்ற பெட்ரோலால் நிரப்பி வைக்குக. அது கிடையாதாயின் முற்றும் வடித்து உலர்த்தி வைக்குக. பாதி நிரம்பிய டாங்கியே மிகவும் தீங்கானது. அதன் வெற்றிடத்தில் ஈரக்காற்று புகும்.

7. செய்யத் தகாதவை

ஜலம் ஊற்றி எத்தனாலைப் பிரித்து, மேலே நிற்கும் பெட்ரோலை உபயோகிக்கலாம் என்று சிலர் எண்ணுவர். அது தவறு. எத்தனாலின் ஆக்டேனையும் கணக்கிற் கொண்டே அப்பெட்ரோல் தயாரிக்கப்படுகின்றது. எத்தனால் நீங்கினால் ஆக்டேன் குறைந்து இயந்திரம் தட்டும். எஞ்சிய ஈரமும் அரிக்கும். மண்ணெண்ணெய் சேர்ப்பதும் தீங்கு. அது சட்ட விரோதமுமாகும்.

8. கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் சங்க நிர்வாகிகளுக்கும்

வாடகைக்கு விடும் இயந்திரங்கள் பலர் கைப்படுவதால் அவையே விரைவிற் கெடுகின்றன. இயந்திரம் ஒவ்வொன்றிற்கும் ஒரு பதிவேடு வைத்து, பெட்ரோல் ஊற்றிய தேதியையும் வடித்த தேதியையும் எழுதுவித்தல் வேண்டும். 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கன்றிச் சொந்த உபயோகத்திற்காக லைசென்ஸ் இன்றி வைத்திருக்கத் தக்க பெட்ரோல் மொத்தம் 30 லிட்டர். உலோகப் பாத்திரம் ஒன்று 25 லிட்டருக்கு மேற்படலாகாது. அதனை இறுக மூடி, வீட்டிற்கு வெளியே வைக்கும்படி குடிகளுக்கு எடுத்துரைப்பது அவர்கள் கடமை.

சுருக்கம்

கொஞ்சமாய் வாங்குக, புதிதாய் ஊற்றுக, தங்கவிடாதீர். வேலை முடிந்த நாளில் இயந்திரத்தின் கடைசி ஊட்டம் எத்தனாலற்றதாய் இருக்கட்டும். இவ்வளவும் செய்துவந்தால், கரும்பாலையில் பெற்ற பணத்தைக் கார்புரேட்டருக்குக் கொடுக்கும் நிலை நேராது.