மண்டையோட்டைத் திறவாமல் மூளைத் தமனிகளுக்குச் சிகிச்சை

மனித மூளையின் எடை ஏறக்குறைய 1,400 கிராம். உடல் எடையில் இது ஐம்பதில் ஒரு பங்கே ஆயினும், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் சுமார் ஏழில் ஒரு பங்கை மூளையே பெறுகிறது. கழுத்தின் முன்புறத்தே இரண்டும், முதுகெலும்பையொட்டி இரண்டுமாக நான்கு தமனிகள் இவ்விரத்தத்தைக் கொண்டு செல்கின்றன. மூளையின் அடிப்பாகத்தில் இவை ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைகின்றன. 1664-ஆம் ஆண்டில் இதனைப் படத்துடன் விளக்கிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயராலேயே இவ்வளையம் இன்றும் வழங்கப்படுகிறது. ஒரு தமனி அடைபட்டால் மற்றொன்றின் வழியே இரத்தம் வந்து சேர இவ்வமைப்பு துணை செய்யக்கூடும். ஆனால் நாம் இங்கு ஆராயவிருக்கும் நோய் பெரும்பாலும் தோன்றுமிடமும் இதுவே.

தமனி கிளை பிரியுமிடத்தில் இரத்த ஓட்டம் சுவரின்மீது ஓயாது மோதுகிறது. நாளடைவில் அவ்விடத்துச் சுவர் வலுவிழந்து சிறு பைபோல் வெளிப்புறமாகத் துருத்திக்கொள்வதுண்டு. மருத்துவ நூல்கள் இதனை அனியூரிசம் என்று குறிப்பிடும். தமிழில் இதனை வீக்கம் என்று எழுதுவாரும் உளர். வீக்கம் என்றதும் படிப்போர் புண்ணையும் சீழையும் எண்ணக்கூடுமாதலின், இக்கட்டுரையில் தமனிப் புடைப்பு என்னும் சொல்லையே ஆள்வோம். வயது வந்தோரில் நூற்றுக்குச் சுமார் மூவரிடம் இத்தகைய புடைப்பு இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பீடு. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதனை அறியாமலே முழு ஆயுளும் வாழ்ந்து முடிக்கின்றனர். புகைபிடித்தல், உயர்ந்த இரத்த அழுத்தம், குடும்பத்தில் முன்பே இந்நோய் இருந்தமை ஆகியவை அபாயத்தை மிகுவிக்கின்றன.

புடைப்பு பெருகப் பெருக ஏன் வெடிக்க முற்படுகிறது என்பதை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே காட்டலாம். நீண்ட பலூன் ஒன்றைப் பாதியளவு ஊதினால் ஒரு பகுதி பருத்தும், மறு பகுதி மெலிந்தும் நிற்கும். உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் இரு பகுதிகளிலும் ஒன்றே. ஆயினும் பருத்த பகுதியின் சுவர் விறைத்தும், மெலிந்த பகுதியின் சுவர் நெகிழ்ந்தும் இருப்பதை மாணவர் விரலால் தொட்டே உணர்வர். அழுத்தம் மாறாதிருக்க, ஆரம் கூடினால் சுவரின்மீதுள்ள இழுவிசையும் கூடுகிறது. சுவரோ மெலிந்துகொண்டே போகிறது. சிறிய புடைப்புகள் வெடிப்பதே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாகாது. அவையும் வெடிப்பதுண்டு.

வெடித்தால், மூளையைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வின் அடியில் இரத்தம் பரவுகிறது. தலையில் இடி விழுந்தாற்போன்ற வலி ஒரு நொடியில் தோன்றும். நோயாளி, "பிறந்தது முதல் இப்படியொரு தலைவலி வந்ததில்லை" என்பார். வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, மயக்கம், சில வேளை வலிப்பு ஆகியவை தொடரும். கை கால் விழுந்துபோதல் இதில் காணப்படாமலும் இருக்கலாம் என்பதைக் களப்பணியாளர் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும். நம் மக்கள் மூளை நோய் அனைத்தையும் பக்கவாதம் என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர். கை கால் நன்றாக இயங்குகிறதே, வாதமன்று என்று கருதி மாத்திரை கொடுத்து உறங்க வைத்துவிடுகின்றனர். முதற் கசிவுக்குப்பின் மறுமுறை இரத்தம் பீறிடும் அபாயம் முதல் 24 மணி நேரத்திலேயே மிகுதி. அந்த உறக்கத்திலிருந்து எழாதவர் உண்டு.

ஆகவே சிகிச்சையின் முதல் நோக்கம் புடைப்பினுள் இரத்தம் புகாதபடி தடுப்பதாகும். 1937-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்ட்டர் டாண்டி என்னும் அறுவை மருத்துவர் மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கவ்வி ஒன்றைப் பொருத்தி அதனை அடைத்தார். இன்றளவும் கையாளப்பெறும் கவ்விமுறைக்கு அதுவே தொடக்கம்.

திறவாமல் செய்யும் முறைக்கோ, முதலில் நாளங்களைக் கண்ணாற் காண வேண்டியிருந்தது. போர்த்துக்கல் நாட்டு எகாஸ் மோனிஸ் 1927-இல் கழுத்துத் தமனியில் அயோடின் கலந்த உப்புக் கரைசலைச் செலுத்தி, எக்ஸ்-கதிர்ப் படத்தில் மூளைத் தமனிகளைத் தோன்றச் செய்தார். 1953-இல் சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர், ஊசியின் வழியே மெல்லிய கம்பியையும், கம்பியின்மேல் கதீட்டர் என்னும் நுண்குழாயையும் செலுத்தும் எளிய உபாயத்தைக் கண்டார். எளியதே எனினும், இன்றைய சிகிச்சை முழுவதும் அதன்மீதே நிற்கிறது. மாஸ்கோவின் செர்பினென்கோ, குழாய் முனையில் சிறு பலூனை வைத்து, வேண்டிய இடத்தில் அதனைக் கழற்றிவிடும் முறையை 1974-இல் வெளியிட்டார். மே தின விழாவில் சிறுவர் நூலில் கட்டிப் பிடித்திருந்த பலூன்களைக் கண்டபோதே இவ்வெண்ணம் அவருக்கு உதித்தது என்று கூறுவர்.

ஆனால் பலூனுக்குத் தனக்கென ஒரு வடிவம் உண்டு. புடைப்பின் கோணல் வடிவத்துக்கு அது இணங்குவதில்லை. இக்குறையைத் தீர்த்தவர் இத்தாலியர் குயிடோ குலியெல்மி. தலைமயிரினும் மெல்லிய பிளாட்டினக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, எஃகுக் கம்பி ஒன்றின் முனையில் அதனை இணைத்தார். சுருள் புடைப்பினுள் சென்று உள்ளவாறே மடிந்து அமர்ந்ததும், வெளியிலிருந்து சுமார் ஒரு மில்லி ஆம்பியர் அளவுள்ள மின்சாரம் பாய்ச்சப்படும். இரத்தமே மின்பகு கரைசலாகவும், எஃகு இணைப்பு நேர்மின்வாயாகவும் அமைய, எஃகு கரைந்து சுருள் தானே விடுபடும். பிளாட்டினம் கரைவதில்லை. உப்புநீரில் இரும்பாணியை நேர்மின்வாயாக வைத்துச் செய்யும் பள்ளிச் சோதனையில் இருப்பதும் இத்தத்துவமே. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் 1990-இல் முதல் நோயாளிக்கு இது பயன்பட்டது. இப்போது வேறு வகையில் கழலும் சுருள்களும் உள்ளன.

சிகிச்சை நடைபெறும் விதம் இது. தொடையிடுக்கில் அல்லது மணிக்கட்டில் உள்ள தமனியில் சிறு துளையிட்டுக் கதீட்டரைச் செலுத்துகின்றனர். அது மகாதமனி வழியே கழுத்தை அடைகிறது. அதனுள்ளிருந்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமனுள்ள மற்றொரு நுண்குழாய் புடைப்பின் வாயினுள் நுழைகிறது. எக்ஸ்-கதிர்த் திரையைப் பார்த்தபடியே ஒன்றன்பின் ஒன்றாகச் சுருள்களை இடுவர். உள்ளே இரத்தம் தேங்கி உறைந்து புடைப்பு அடைபடுகிறது. வாய் அகன்ற புடைப்பாயின் சுருள் நழுவாதபடி ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயைத் தமனியில் தாங்கலாக வைப்பதுண்டு. அடர்ந்த வலையுள்ள குழாயொன்றைத் தமனியில் மட்டும் பொருத்தி, ஓட்டத்தைத் திசைதிருப்பிப் புடைப்பைச் சிறிது சிறிதாக வற்றச் செய்யும் முறை 2011-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அத்தகைய வலைக்குழாய் ஒன்றை நிட்டினால் என்னும் உலோகக் கலவையால் அமைத்திருப்பதாகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான நிலையம் 2021-இல் அறிவித்தது.

எம்முறை சிறந்தது? வெடித்த புடைப்புடைய 2,143 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஒரு சர்வதேச ஆய்வின் முடிவு 2002-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குப்பின் இறந்தோரும், பிறர் துணையின்றி வாழ இயலாதோரும் சுருள்முறையில் நூற்றுக்கு 23.7, கவ்விமுறையில் 30.6. ஆனால் இரு முறைகளுக்கும் ஏற்றவை என்று கருதப்பட்ட புடைப்புகளே இவ்வாய்வில் இடம்பெற்றன. சுருள்கள் நாளடைவில் அழுந்தி இடைவெளி விடுவதுண்டாகையால், பின்னர் மீண்டும் படமெடுத்துப் பார்ப்பது அவசியம். சில இடத்துப் புடைப்புகளுக்குக் கவ்வியே இன்றும் தக்கது. ஒன்று புதியது, மற்றது பழையது என்பதைக் கொண்டு மட்டும் தீர்ப்புக் கூறுவது முறையன்று.

இதே குழாய் வழியில் மூளை நாளங்களின் பிற நோய்களுக்கும் பரிகாரம் காண்கின்றனர். தமனியும் சிரையும் முறைமாறிப் பின்னிக்கொண்ட முடிச்சுகளில் பசை போன்ற திரவத்தைச் செலுத்தி அடைக்கின்றனர். இரத்தக் கட்டியால் பெருந்தமனி அடைபட்டு வரும் பக்கவாதத்தில், கட்டியையே வலைக்குழாயால் பற்றியோ உறிஞ்சியோ வெளியே எடுக்கின்றனர். 2015-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 500 நோயாளிகள் இருந்தனர். பிறர் உதவி வேண்டாத நிலைக்குத் திரும்பியோர், இச்சிகிச்சை சேர்த்தளிக்கப்பட்ட பிரிவில் நூற்றுக்கு 32.6, மற்றப் பிரிவில் 19.1. இவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கப்பட்டது. மூளைப் படத்தின்மூலம் தேர்ந்தெடுக்கப்படும் சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் பயன் உண்டென 2018-இல் தெரியவந்தது.

இரத்தம் கசிந்ததா, கட்டி அடைத்ததா என்பதைக் கிராமத்தில் வைத்துத் தீர்மானிக்க எவராலும் இயலாது, சி.டி. ஸ்கேன் படமே அதனைக் காட்டும். இரண்டுக்கும் மருந்து நேர்மாறானது. ஆதலால் படம் எடுப்பதற்குமுன் ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தலாகாது. நினைவு தப்பியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். 108 வண்டியை அழைக்கும்போதே, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமென்று சொல்லிவிடுதல் நலம். தலைவலி தொடங்கிய நேரத்தையும், நோயாளி கடைசியாக நலமுடன் காணப்பட்ட நேரத்தையும் ஒரு தாளில் எழுதி உடன் செல்பவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். மருத்துவர் கேட்கும் முதற் கேள்விகளுள் அதுவும் ஒன்று.