ராஜா எப்போது கோட்டை கட்டலாம்?

சதுரங்க ஆட்டத்தில் உங்கள் ராஜாவுக்கு ஒரு முறை செக் வந்தது. குறுக்கே குதிரையை வைத்துத் தடுத்துவிட்டீர்கள். ராஜா நகரவே இல்லை. சற்றுப் பிறகு கோட்டை கட்டப் போகிறீர்கள். “செக் வாங்கிய ராஜா கோட்டை கட்டக் கூடாது” என்கிறார் எதிரே இருப்பவர். இது சரியா? விடை தெரியாவிட்டால் நமக்குள்ள உரிமையை நாமே இழந்துவிடுவோம்.

முதலில் விதியைக் காண்போம். ராஜாவும் அந்தப் பக்கத்து மூலை யானையும் அதுவரை ஒரு முறையும் நகர்ந்திருக்கக் கூடாது. இடையில் எந்தக் காயும் இருக்கக் கூடாது. ராஜா யானையை நோக்கி இரண்டு கட்டம் செல்லும். யானை ராஜாவைத் தாண்டி, ராஜா கடந்த கட்டத்தில் அமரும். இரண்டும் சேர்ந்து ஒரே நகர்த்தல்தான்.

இனி செக். அதிலிருந்து தப்ப மூன்று வழிகளே உண்டு: ராஜா ஒரு கட்டம் விலகலாம், தாக்கும் காயை வெட்டலாம், குறுக்கே காய் வைக்கலாம். கோட்டை கட்டுவது நான்காவது வழி அன்று. செக் இருக்கும்போது கோட்டை கட்ட முடியாது. ராஜா போய் அமரும் கட்டமும் தாக்கப்படக் கூடாது. கடக்கும் கட்டமும் தாக்கப்படக் கூடாது.

“கடந்துதானே போகிறது, அங்கே நிற்கவில்லையே?” என்று கேட்கலாம். போடி ரயில் வரும்போது தேனியில் கேட் மூடியிருக்கிறது. “தண்டவாளத்தில் நிற்க மாட்டேன், கடந்துதான் போவேன்” என்றால் விடுவார்களா? அதுபோலத்தான் இதுவும்.

யானைக்கு இந்தத் தடை இல்லை. அது தாக்கப்பட்டாலும், தாக்கப்படும் கட்டத்தைக் கடந்தாலும் கோட்டை கட்டலாம். 1974-ல் மாஸ்கோவில் கார்ப்போவுடன் ஆடிய கோர்ச்னாய், யானை தாக்கப்படும்போது கோட்டை கட்டலாமா என்று நடுவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த ஆட்டத்தில் வென்றவரும் அவரே!

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். நம் நாட்டின் பழைய ஆட்டமுறையில் கோட்டை கட்டுதல் இல்லை. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு முறை குதிரைபோலத் தாவலாம். ஆனால் ஒரு முறை செக் வாங்கிவிட்டால் அந்த உரிமை போய்விடும். 1929-ல் பிரிட்டிஷ் சாம்பியனான மீர் சுல்தான் கான் முதலில் கற்றதும் இந்திய ஆட்டமுறையைத்தான். அந்தப் பழைய விதியை இன்றைய விதியோடு கலந்துவிடாதீர்கள். இன்றைய சர்வதேச விதிப்படி, செக் நீங்கிவிட்டது, ராஜா நகரவில்லை என்றால், பின்னர் தாராளமாகக் கோட்டை கட்டலாம்.

போட்டியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முதலில் ராஜாவைத் தொடுங்கள். யானையை முதலில் தொட்டால், அந்த முறை அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியாது. யானையைத்தான் நகர்த்த வேண்டும்.

ஒரு பயிற்சி: பலகையில் வெள்ளை ராஜா, இரு வெள்ளை யானைகள், கறுப்பு ராஜா நான்கும் தம் தொடக்க இடங்களில் நிற்கின்றன. ஒரு கறுப்பு யானையைக் கறுப்பின் கடைசி வரிசையில், ராணிப் பக்கத்துக் குதிரையின் கட்டத்தில் வையுங்கள். வெள்ளை எந்தப் பக்கம் கோட்டை கட்டலாம்? பிறகு அதே யானையை ராணியின் கட்டத்துக்கு மாற்றிப் பாருங்கள். ராஜா கால் வைக்கும் கட்டங்களை மட்டும் எண்ணினால் விடை கிடைத்துவிடும்.