பெட்டியோடு வந்த கூலர்: அளந்து திருத்தும் முறை

அன்புள்ள தம்பிக்கு,

மேசைக் கணினிக்கான பிராசஸரைப் புதிதாக வாங்கும்போது அதே பெட்டிக்குள் வரும் கூலர், அதாவது அலுமினியத் தகடுகளும் அவற்றின் மேல் பொருத்தப்பட்ட ஒரு சிறு ஃபேனும் கொண்ட குளிர்விப்பான், கணினி ஆர்வலர்களிடையே நல்ல பெயர் எடுத்ததில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு விலை கூடிய வேறொன்றை வாங்குவதே முதல் வேலை என்று கருதுவோர் பலர். அது எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று அளந்து பார்ப்போர் சிலரே. அளக்காமல் செய்த மாற்றம் பலன் தந்ததா இல்லையா என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே இக்கடிதம் மதிப்பிடும் முறையை முதலிலும், திருத்தும் முறையை அதன் பின்னும் விளக்குகிறது.

பிராசஸர் உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. சிலிக்கான் சில்லில் பிறக்கும் அந்த வெப்பம் சில்லின் மேலுள்ள உலோக மூடிக்குப் பரவி, தெர்மல் பேஸ்ட் என்னும் பசையைக் கடந்து, கூலரின் அடிப்பகுதியில் ஏறி, தகடுகளில் விரிந்து, இறுதியில் ஃபேன் தள்ளும் காற்றோடு வெளியேறுகிறது. ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதைக் காட்டும் வெப்பக் கடத்துதிறன், ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட் என்ற அலகில், செம்புக்குச் சுமார் 400 ஆகவும், அலுமினியத்துக்குச் சுமார் 240 ஆகவும், காற்றுக்கு 0.026 ஆகவும் உள்ளது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் இடையில் நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்கிவிடுவதால், அந்தக் காற்றை வெளியேற்றி அவ்விடத்தை நிரப்பவே பேஸ்ட் தேவைப்படுகிறது. பேஸ்ட் காற்றைவிடப் பல மடங்கு மேலானது என்றாலும் உலோகத்துக்கு ஈடாகாது. எனவே பள்ளம் நிரம்பும் அளவுக்கு மேல் தடவிய பேஸ்ட் உதவியாக இல்லாமல் தடையாகவே அமைகிறது.

இந்தப் பாதை முழுவதும் வெப்பத்துக்குக் காட்டும் எதிர்ப்பை வெப்பத்தடை என்பர். பிராசஸரின் வெப்பநிலையிலிருந்து, கூலருக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையைக் கழித்து, வரும் வேறுபாட்டைப் பிராசஸர் செலவிடும் வாட்டால் வகுத்தால் கிடைப்பதே அதன் அளவு. கூலரை மதிப்பிட இந்த ஒரே எண் போதும். ஆனால் அதைப் பெற மூன்று அளவுகளையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பிராசஸரின் வெப்பநிலையையும் அது செலவிடும் மின்திறனையும் எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருள்கள் காட்டுகின்றன. அறையின் வெப்பநிலையைக் கணினியிலிருந்து சற்றுத் தள்ளி வைத்த சாதாரண வெப்பமானி காட்டிவிடும். கேபினெட்டுக்குள் காற்று அறையைவிடச் சூடாக இருக்கும் என்பதால், அறை வெப்பநிலையைக் கொண்டு கணக்கிடும் எண் கூலரையும் கேபினெட்டையும் சேர்த்தே மதிப்பிடுகிறது என்பதை மறக்கலாகாது.

பிராசஸருக்கு முழு வேலை கொடுக்க, படம் வரைந்து வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளில் 10 நிமிடச் சோதனை உள்ளது; மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட பிரைம்95 அதைவிடக் கடுமையான சுமையைத் தருகிறது. எதைத் தேர்ந்தாலும் எல்லாச் சோதனைகளுக்கும் அதையே பயன்படுத்த வேண்டும். சோதனை தொடங்கிய நொடியில் காணும் எண்ணுக்குப் பொருளில்லை. சில்லின் சூடு நொடிப்பொழுதில் ஏறினாலும், கூலரின் உலோகமும் கேபினெட்டின் காற்றும் நிலைபெறப் பல நிமிடங்கள் ஆவதால், எண் ஏறுவது நின்ற பிறகே அதைக் குறிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். முதல் நாள் அறை வெப்பநிலை 34 டிகிரி, பிராசஸர் 86 டிகிரி, மின்திறன் 65 வாட் என்று கொள்வோம். வேறுபாடு 52, வெப்பத்தடை வாட்டுக்கு 0.80 டிகிரி. பேஸ்ட்டை மாற்றிய பின் மழை பெய்து ஓய்ந்த மற்றொரு நாளில் அறை 29 டிகிரியாகவும் பிராசஸர் 78 டிகிரியாகவும் இருந்தால், 8 டிகிரி குறைந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் வேறுபாடு 49, வெப்பத்தடை 0.75, அதாவது 8 டிகிரியில் 5 டிகிரியை மழை குறைத்தது, 3 டிகிரியை மட்டுமே புதிய பேஸ்ட் குறைத்தது. குளிர்நாடுகளிலும் குளிரூட்டிய அறைகளிலும் எடுக்கப்பட்ட மதிப்பீடுகளைச் சித்திரை மாதத்துச் சென்னை அறைக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதும் இதே பிழையே. இரண்டு டிகிரி அளவிலான வேறுபாடு அளவீட்டின் தடுமாற்றமாகவே இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு சோதனையையும் திரும்பச் செய்து ஒத்துப்பார்ப்பது நல்லது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 2019-இல் வந்த ரைசன் 5 3600-க்கு 95 டிகிரியும், 2022-இல் வந்த இன்டெல் கோர் ஐ5-12400-க்கு 100 டிகிரியும் உச்ச வரம்பு. வரம்பைத் தொட்டதும் பிராசஸர் தன் வேகத்தையும் மின்திறனையும் தானே குறைத்துக்கொள்கிறது. இதைத் த்ராட்லிங் என்பர். அந்நிலையில் கூலரை மேம்படுத்தினாலும் வெப்பநிலை அதே எண்ணில் நிற்கக்கூடும். பலன் வேகத்தில்தான் தெரியும். ஆகையால் வெப்பநிலையோடு வேகத்தையும் குறித்து வைக்காத மதிப்பீடு பாதி மதிப்பீடே.

அளவு கையில் வந்த பிறகு திருத்தங்களைச் செலவில்லாத ஒன்றிலிருந்து தொடங்கலாம். முதலாவது தூசி. தகடுகளின் இடுக்கில் படிந்த தூசி காற்றை மறிப்பதால், கணினியை அணைத்து மின்இணைப்பைத் துண்டித்த பின், ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையாலோ புளோயராலோ அதை நீக்க வேண்டும்.

இரண்டாவது பொருத்தம், பல குறைகள் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன. இன்டெல் கூலரை மதர்போர்டில் பிடித்திருப்பவை நான்கு பிளாஸ்டிக் புஷ் பின்கள். ஒவ்வொன்றின் நுனியும் இரண்டாகப் பிளந்தது. அது மதர்போர்டின் துளை வழியே மறுபக்கம் சென்ற பின் நடுவிலுள்ள கருப்பு முள் இறங்கி அந்தப் பிளவை விரித்துப் பிடிக்கிறது. தலையை அதன் மேலுள்ள அம்புக்குறியின் திசையில் திருப்பினால் பின் விடுபடும் என்பதால், மீண்டும் பொருத்துமுன் நான்கையும் பழைய நிலைக்குத் திருப்பி, மூலைவிட்டமாக எதிரெதிர் பின்களை ‘டிக்’ என்ற ஒலி கேட்கும்வரை அழுத்த வேண்டும். ஒரு பின் பாதியில் நின்றாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அத்தகைய கணினியில் சுமை கொடுத்த சிறிது நேரத்திலேயே வெப்பநிலை வரம்பைத் தொடும். கூலரை மெல்ல அசைத்துப் பார்ப்பதும், முடிந்தால் மதர்போர்டின் பின்புறத்தில் நான்கு நுனிகளும் விரிந்து நிற்கின்றனவா என்று பார்ப்பதும் போதுமான சோதனை.

மூன்றாவது பேஸ்ட். புதிய கூலரின் அடியில் ஆலையிலேயே பூசப்பட்ட பேஸ்ட் இருக்கும். கூலரை ஒருமுறை கழற்றினால் அதைத் திரும்பப் பயன்படுத்தலாகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரு பரப்புகளையும் துடைத்து, மூடியின் நடுவில் பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்துக் கூலரை நேராக இறக்கினால் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். ஏஎம்4 சாக்கெட்டில் அமரும் ரைசன் பிராசஸர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. அவற்றின் பின்கள் பிராசஸரின் அடியிலேயே இருப்பதால், காய்ந்து ஒட்டிய கூலரை நேராக இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டை விட்டுக் கூடவே வந்து பின்கள் வளையக்கூடும். கணினியைச் சில நிமிடங்கள் ஓட்டிப் பேஸ்ட் இளகிய பின் அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுப்பதே பாதுகாப்பு.

நான்காவது ஃபேனின் வேகம். காற்றின் அளவு சுழற்சி வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. ஆனால் இரைச்சல் அதைவிட விரைந்து கூடுகிறது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். இரைச்சலோ ஏறத்தாழ 5 டெசிபல் குறையும். எனவே பயாஸில் உள்ள ஃபேன் வளைகோட்டை நடுத்தர வெப்பநிலைகளில் தாழ்வாகவும் உச்சத்துக்கு அருகில் செங்குத்தாகவும் அமைத்தால், அன்றாட வேலையில் அமைதியும் கடும் வேலையில் பாதுகாப்பும் கிடைக்கும்.

ஐந்தாவது கேபினெட். அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டுச் சோதனையைத் திரும்ப ஓட்டினால் வெப்பநிலை கணிசமாக இறங்குமானால், குறை கூலரில் இல்லை, காற்றோட்டத்தில் இருக்கிறது. அப்போது முன்புறம் காற்றை உள்ளிழுக்க ஒரு ஃபேனும் பின்புறம் வெளியேற்ற ஒரு ஃபேனும் வைப்பதே சரியான மருந்து.

ஆறாவது, வெப்பத்தை உண்டாகும் இடத்திலேயே குறைப்பது. 65 வாட் என்று பெட்டியில் அச்சிட்ட எண் உச்ச வரம்பல்ல. ரைசன் 5 3600 தன் சாக்கெட்டிலிருந்து 88 வாட் வரையிலும், கோர் ஐ5-12400 டர்போ நிலையில் 117 வாட் வரையிலும் எடுக்க அனுமதி உண்டு. மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், பயாஸில் மின்திறன் வரம்பைச் சற்றுக் குறைத்தால் வேகம் சிறிதே குறைய, வெப்பம் பெரிதும் குறையும்.

இவ்வளவும் செய்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் தனித்தனியே அளந்து பார்த்த பிறகும் பிராசஸர் த்ராட்லிங் செய்யுமானால், வேறு கூலர் வாங்குவது நியாயமான செலவு. மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்வோருக்கு அது தேவைப்படலாம். எழுதவும் படிக்கவும் நிரல் எழுதவும் கணினியைப் பயன்படுத்தும் மாணவருக்குப் பெட்டியோடு வந்ததே பெரும்பாலும் போதும். உயரமான டவர் கூலருக்கு மாறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெட்டியோடு வரும் கூலர் மதர்போர்டை நோக்கிக் கீழே ஊதுவதால் சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சீராக்கிப் பாகங்களையும் குளிர்விக்கிறது, பக்கவாட்டில் ஊதும் டவர் கூலர் அதைச் செய்வதில்லை.

ஆகவே தம்பி, வெப்பமானி ஒன்றையும் குறிப்பேடு ஒன்றையும் முதலில் எடுத்து வைக்கவும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தைச் செய்யவும். அறையின் வெப்பநிலையைக் குறிக்காத எந்த எண்ணையும், அதைச் சொல்பவர் யாராயினும், நம்பாதிருக்கவும்.

அன்புடன்.