மானும் வேலியும்: வேட்டைச் சட்டத்தையும் பிடிபட்ட தொகையையும் கமக்காரர் அறிந்துகொள்ளல்

யாழ்ப்பாண நகரின் கிழக்கே, கடனீரேரியை அணைத்துக் கிடக்கும் அரியாலையிற் காலபோக நெல்லும், கிணற்று நீரிற் செய்யப்படும் தோட்டப் பயிரும் நெடுங்காலமாக நடைபெற்று வருவன. அவ்வயல்களில் இன்று மான் மேய்வதில்லை. ஆயினும் மானைப் பற்றிய கேள்வி இவ்வூர்க் கமக்காரருக்கு அயலானதன்று. குடாநாட்டார் பலருக்குக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காணிகள் உள. அக்காணிகளிற் பல காட்டோரத்தில் அமைந்தவை. அங்கு விதைப்பவருக்கு ஓரிரவில் இளம் பயறும் கௌபியும் நுனி இழந்து நிற்பது புதுமையன்று.

இத்தகைய இழப்பு நேருங்கால் இரு கருத்துக்கள் எழுகின்றன. வேட்டையைத் திறந்துவிட்டால் மான் குறையும், பயிர் பிழைக்கும் என்பது ஒன்று. சட்டம் இல்லாவிடின் மான் இனமே அழிந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் எண்ணிக்கையைச் சான்று காட்டுகின்றன. எண்ணிக்கையை எவ்வாறு வாசிப்பது என்பதை அறியாதவர் இவ்விரண்டில் எதையும் ஏற்கவோ மறுக்கவோ இயலாது. அவ்வறிவைத் தருவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கம்.

நம் நாட்டு மான்கள்

இலங்கையில் மான் எனப் பொதுவாக வழங்குபவற்றுள் முதன்மையானது புள்ளிமான். இது கூட்டமாய் வாழ்வது. திறந்த புல்வெளியையும் காட்டோரத்தையும் விரும்புவது. வறண்ட வலயக் காடுகளெங்கும் காணப்படுவது. மரை உருவிற் பெரியது; இரவில் மேய்வது; மலைநாட்டிலும் வறண்ட வலயத்திலும் உளது. குரைக்கும் மான் தனித்துத் திரிவது. உக்குளான் எனப்படும் சருகுமான் முயலிற் சிறிதே பெரியது. தோற்றத்தில் மானை ஒத்ததாயினும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. வயலுக்கு இழப்பைத் தருவன பெரும்பாலும் புள்ளிமானும் மரையுமே.

இலங்கையிற் புலியும் செந்நாயும் இல்லை. ஆதலால் மானை இரையாகக் கொள்ளும் விலங்குகளுள் தலையாயது சிறுத்தையே. இவ்வுண்மை பின்னர் வேண்டப்படும்.

சட்டம் வந்த வரலாறு

முற்காலத்தில் மான் இறைச்சிக்கு மாத்திரம் வேட்டையாடப்பட்டதன்று. அதன் தோலும் கொம்பும் வணிகப் பொருள்களாய்க் கப்பலேறின. பிரித்தானியர் ஆட்சியில் துப்பாக்கி பெருகியபோது வேட்டையும் பெருகியது. காட்டு விலங்குகள் குறைவதைக் கண்டு 1891-ஆம் ஆண்டில் யானை, எருமை முதலியவற்றை வீணே அழிப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. வேட்டை விலங்குகளைப் பாதுகாக்கும் சங்கம் 1894-இல் தோன்றியது. அச்சங்கத்தார் பெரும்பாலும் வேட்டைக்காரரே. வேட்டை நிலைத்திருக்க வேண்டுமாயின் வேட்டைக்கு எல்லை வேண்டும் என்பதை அவர்கள் முதலில் உணர்ந்தனர்.

1937-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1938 மார்ச்சு 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அனுமதிப்பத்திரம் பெற்றவர், தடையில்லாத காலத்தில், குறித்த அளவுக்கே வேட்டையாடலாம் என்பதே அக்கால வேட்டைச் சட்டங்களின் அடிப்படை. குட்டி ஈனும் காலத்தில் வேட்டையைத் தடுத்தலும், ஒருவர் கொல்லத்தக்க தொகையை வரையறுத்தலும் அதன் இரு கைகளாகும். 1938-இலேயே குடாநாட்டின் தென்கிழக்கு எல்லையிலுள்ள சுண்டிக்குளம் சரணாலயமாக்கப்பட்டது. 2015-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களம் 1949-இல் அமைந்தது. கட்டளைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. 1993-ஆம், 2009-ஆம் ஆண்டுத் திருத்தங்கள் அவற்றுள் முக்கியமானவை. இன்று புள்ளிமானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். அவற்றைக் கொல்வதும், அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாகும்.

பிடிபட்ட தொகை என்பது யாது?

வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில் ஆண்டுதோறும் எத்தனை மான் கொல்லப்பட்டதென்று கணக்கெடுக்கப்படுகின்றது. அத்தொகை கூடினால் மான் கூடியது என்றும், குறைந்தால் மான் குறைந்தது என்றும் பலர் கொள்வர். இது பிழை.

கமக்காரருக்குப் பழகிய ஓர் உவமையால் இதனை விளக்கலாம். ஒருவர் சென்ற ஆண்டு 20 மூடை நெல்லும் இவ்வாண்டு 40 மூடையும் எடுத்தார் என்றால், அவர் மண் இருமடங்கு வளம் பெற்றது என்று எவரும் சொல்லார். எத்தனை பரப்பு விதைத்தார் என்றே முதலிற் கேட்பர். மானுக்கும் அவ்வாறே. 20 பேருக்கு அனுமதி வழங்கி 20 மான் பிடிபட்ட காட்டில், மறு ஆண்டு 40 பேருக்கு வழங்கினால் 40-ஐ அண்டிய தொகை பிடிபடலாம். காட்டில் மான் ஒன்றுதானும் கூடியிருக்க வேண்டியதில்லை. ஆகையால், ஒரு வேட்டைக்காரர் ஒரு நாளிற் பெற்றது எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தல் வேண்டும். அனுமதிப்பத்திரத்தின் தொகை, வேட்டை நாட்களின் நீளம், அவ்வாண்டின் மழை அல்லது பனி, கணக்கை ஒப்புவித்தோரின் நேர்மை ஆகிய நான்கும் பிடிபட்ட தொகையை மாற்றுவன.

கலையும் பிணையும்

எத்தனை மான் கொல்லப்பட்டது என்பதைவிட எவை கொல்லப்பட்டன என்பது பெரிது. ஆண் மானாகிய கலை ஒன்று பல பிணைகளுடன் கூடவல்லது. பிணையோ ஒருமுறையிற் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். விளக்கத்துக்காக ஒரு காட்டில் 50 கலையும் 50 பிணையும் உள எனவும், ஆண்டுக்கு 30 குட்டிகள் பிழைக்கின்றன எனவும் கொள்க. 20 கலைகளைக் கொன்றால் மறு ஆண்டுக் குட்டிகள் 30-ஆகவே இருக்கும். 20 பிணைகளைக் கொன்றால் குட்டிகள் 18-ஆகக் குறையும். இரு வகையிலும் பிடிபட்ட தொகை 20 என்றே ஏட்டில் எழுதப்படும், விளைவோ வெவ்வேறு. ஆகவே, கொம்புள்ள மானையே தேடிச் சுடும் வேட்டை பயிரிழப்பைக் குறைக்கும் என்று நம்புதல் வீண்.

பிற நாடுகளின் பட்டறிவு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1900-ஆம் ஆண்டளவில் வெள்வால் மான் 5 இலட்சத்துக்கும் குறைந்த நிலைக்கு வந்தது. இறைச்சி வணிகமே அதற்குத் தலைமைக் காரணம். அவ்வாண்டிலேயே, சட்டத்துக்கு மாறாகக் கொன்ற விலங்குகளை மாகாணம் விட்டு மாகாணம் கொண்டுசென்று விற்பதைத் தடுக்கும் சட்டம் அங்கு ஆக்கப்பட்டது. பின்னர் மான் பெருகி, நூறாண்டின் முடிவிற் சுமார் 3 கோடியை எட்டியது. இடைநடுவே பென்சில்வேனியா மாகாணம் ஒரு பாடம் கற்றது. 1907-இல் அங்குப் பிணையைக் கொல்லுதல் தடுக்கப்பட்டது. இருபது ஆண்டுகளில் மான் மிகுந்து காட்டின் இளங்கன்றுகளை உண்டு தீர்த்தது; குளிர்காலத்திற் பட்டினியால் மடிந்தது; கமக்காரர் முறையிட்டனர். 1928-இற் சட்டம் தலைகீழாகி, அவ்வாண்டு கலையைச் சுடாது கொம்பில்லாத மான்களை மாத்திரம் சுட அனுமதி வழங்கப்பட்டது.

விசுக்கொன்சின் மாகாணத்தில் 2000-ஆம் ஆண்டில் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட மான்கள் பிடிபட்டன. அண்மை ஆண்டுகளில் இத்தொகை 3 இலட்சத்தைச் சற்றே தாண்டியது. ஆனால் அங்கு மான்தொகை அவ்வாறு பாதியாகவில்லை. வேட்டைக்காரரும் பிணைக்கு வழங்கிய அனுமதியும் குறைந்தமை அதற்குப் பெருங்காரணமாகும்.

நெல்லும் தோட்டப் பயிரும் விளையும் யப்பானின் ஒக்கைடோத் தீவில் 1870-களில் மான் இறைச்சியைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலை நிறுவப்பட்டு, பல்லாயிரக்கணக்கான மான்கள் கொல்லப்பட்டன. 1879-இற் கடும் பனி பெய்தது. மிஞ்சியவற்றுட் பெரும்பகுதி மடிந்தது. 1890-இல் வேட்டை தடுக்கப்பட்டது. மான் மீண்டது, இரையாக்கும் ஓநாயோ அதற்குள் அத்தீவில் அழிந்துவிட்டது. 2011-ஆம் ஆண்டில் மானால் விளைந்த பயிர், வன இழப்பு 640 கோடி யென்னை எட்டியது. அதன்பின் ஆண்டுக்கு ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட மானைக் கொன்றே அத்தொகையைக் கட்டுக்குள் வைத்து வருகின்றனர்.

அந்தமான் தீவுகளிற் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிற் கொண்டுபோய் விடப்பட்ட புள்ளிமான், அதனை உண்ணும் பெருவிலங்கு அங்கு இல்லாமையாற் பெருகிக் காட்டின் இளமரங்களை அரித்து வருகின்றது.

இவற்றால் அறியப்படுவது யாதெனின்: எல்லையில்லா வேட்டை மானை அழிக்கும், இரையாக்கும் விலங்கை இழந்த காடு மானைப் பெருக்கிக் கமத்தை அழிக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்பது சட்டமும் கணக்குமே. தடை மாத்திரமும் போதாது. திருகோணமலையிற் கோட்டையைச் சூழ்ந்து உலவும் புள்ளிமான்களை எவரும் வேட்டையாடுவதில்லை. எனினும் அவை குப்பையிற் கிடக்கும் பொலித்தீனை உண்டு நோயுறுகின்றன.

பயிரை உண்டது எது?

களவாகக் கொல்லப்பட்ட மான் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஆகையால் நம் நாட்டிற் கமக்காரர் தாமே வைக்கும் இழப்புக் கணக்குப் பெருமதிப்புடையது. கணக்குச் சரியாயிருக்க, உண்ட விலங்கைப் பிழையின்றி அறிதல் வேண்டும். காலையில் ஈரம் காயுமுன் வயலைச் சுற்றிப் பார்ப்பது நன்று.

மானுக்கு மேற்றாடையில் முன்வெட்டுப் பல் இல்லை. ஆகையால் அது தண்டைக் கடித்து இழுத்துப் பிய்க்கும். முனை நாராய்க் கிழிந்திருக்கும். முயல் வெட்டிய தண்டு கத்தியாற் சரித்து வெட்டியது போல் இருக்கும். அதுவும் நிலத்திலிருந்து ஓரிரு அடி உயரத்துக்குள்ளேயே. காட்டுப்பன்றி மண்ணை உழுதது போற் கிளறும். முள்ளம்பன்றி கிழங்கையும் வேரையும் தோண்டும். மானின் குளம்பு கூரிய இருபிளவாய்ப் பதியும். எச்சம் சிறு உருண்டைகளாய்க் கிடக்கும். மாட்டின் குளம்பு பெரிது, வட்டமானது, சாணம் வேறு. மாடும் இழுத்தே பிய்க்குமாகையால் அடிச்சுவடு பாராது முடிவுசெய்தல் ஆகாது. அரியாலை போன்ற ஊர்களில் இரவிற் பயிர் மேய்ந்தது கட்டாக்காலி மாடாகவே இருத்தல் கூடும். அதற்கு மருந்து வேட்டையன்று, மாட்டுக்குக் கட்டையும் கயிறுமே.

செய்யத்தக்கன

1. வேலி. கம்பி வேலியாயின் 8 அடி உயரம் வேண்டும். அதனிலும் தாழ்ந்ததை மான் தாண்டும். அப்பால் யாதுளது என்று தெரியாத இடத்துக்குள் மான் பாயத் தயங்கும். ஆகவே, கிளுவைக் கதியால் நட்டுப் பனையோலையால் நெருக்கி அடைத்த யாழ்ப்பாணத்து வேலி, உயரத்திற் குறைந்ததாயினும் மானைத் தடுப்பதில் வல்லது. வன்னிக் காணியிலும் தோட்டத்தையேனும் இவ்வாறு அடைத்தல் நன்று.

2. வேலிக்கு வெளியே சில பாகம் அகலத்துக்குப் பற்றையை வெட்டி வெளியாக்குக. மறைவிடமின்றேல் மான் பகலில் அண்டாது.

3. காட்டோர வரிசையில் மஞ்சள், எள் போன்ற, மான் பெரிதும் விரும்பாத பயிரையும், உட்புறத்திற் பயறு, கௌபி, பயிற்றையையும் இடுக.

4. அயற்காணிக்காரர் கூடி முறைவைத்துக் காவல் காக்க. முளைவிட்ட முதல் மூன்று கிழமைகளே இழப்பு மிகும் காலம்.

5. கொப்பியொன்றில் நாள், பயிர், பயிரின் வயது, இழந்த பரப்பு, கண்ட சுவடு ஆகிய ஐந்தையும் எழுதி வைக்க. இதனைக் கமநல சேவை நிலையத்திலும் கிராம அலுவலரிடமும் காட்டி முறையிடுக. மானால் இழப்பு உறுதியாயின் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க.

செய்யத்தகாதன

சுருக்குக் கம்பி, வாய்வெடி, மின்சாரம் பாய்ச்சிய தனிக்கம்பி ஆகிய மூன்றும் கமத்துக்குப் பகை. மின்கம்பியில் அகப்பட்டு மாண்ட மனிதர் நாட்டிற் பலர். அவருள் கம்பியைக் கட்டிய வீட்டாரே சிலர். வாய்வெடியைக் கடிக்கும் மாடு தாடை சிதைந்து பட்டினியால் மடியும். சுருக்கு, இன்னதை மாத்திரம் பிடி என்னும் கட்டளையை அறியாது. 2020 மே மாதத்தில் மலைநாட்டின் நல்லதண்ணிப் பகுதியில் அரிதிற் காணப்படும் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் அகப்பட்டு மாண்டது. சிறுத்தையைக் கொல்லும் ஒவ்வொரு சுருக்கும், காசின்றி மானைக் குறைத்து வந்த காவலாளியைக் கமக்காரர் தம் கையாலேயே நீக்குவதாகும்.

வேட்டைச் சட்டம் நாளை மாறவும் கூடும். மாறுவதாயினும் மாறாதிருப்பதாயினும், அதனை முடிவுசெய்வோர் முன் வைக்கத்தக்க சான்று கமக்காரரின் கொப்பியே. எத்தனை மான் பிடிபட்டது என்னும் கணக்கு வேட்டையாடுவோருடையது. எவ்வளவு பயிர் அழிந்தது, எதனால் அழிந்தது என்னும் கணக்கு உழுவோருடையது. இரண்டாவது கணக்கு எழுதப்படாத நாட்டில் முதலாவது கணக்கினாற் பயனில்லை. ஆதலால் வரும் காலபோகத்தில் விதைநெல்லை எடுக்கும் நாளிலேயே கொப்பியையும் எடுத்து வைத்தல் கமக்காரர் கடனாகும்.