மருத்துவ சபையின் அதிகாரங்களும் கடமைகளும்

மாணவர்களே, பூண்டுலோயா டவுனில் மருந்துத் துண்டு வாங்கினால் அதன் அடியில் குத்தியிருக்கும் இறப்பர் முத்திரையைப் பாருங்கள். வைத்தியரின் பெயருடன் ஓர் இலக்கம் இருக்கும். அது இலங்கை மருத்துவ சபையின் பதிவிலக்கம். பதிவு பெறாத ஒருவர் மேலைத்தேய வைத்தியராகத் தொழில் செய்வது சட்டப்படி குற்றமாகும்.

இச்சபைக்கு அதிகாரம் வழங்குவது 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டமாகும். எனவே இது ஒரு நியதிச் சபை. சட்டம் கொடுத்த அதிகாரத்தை மட்டுமே இது பிரயோகிக்கலாம்.

வைத்தியர், பல் வைத்தியர், மருந்தாளர், மருத்துவிச்சி முதலானோரைப் பதிவு செய்தல், மருத்துவக் கல்வி நிறுவனங்களைப் பரிசோதித்து அமைச்சருக்கு அறிக்கையிடல், தொழிலுக்கு இழுக்கான நடத்தையை விசாரித்தல் என்பன இதன் பணிகள். குற்றம் நிரூபிக்கப்பட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். ஆனால் சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்காமல் நீக்குவது இயற்கை நீதிக்கு முரணானது.

"தகுதியில்லை எனச் சபை கருதினால் பதிவை மறுக்கலாம்" என்று பலர் எழுதுகிறீர்கள். புள்ளி போவது இங்கேதான். மாலபே சைட்டம் வழக்கைக் கவனிக்குக.

சைட்டம் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் 2011இல் பட்டம் வழங்கும் நிறுவனமாக அது அங்கீகரிக்கப்பட்டது. அங்கு வைத்தியசாலைப் பயிற்சி போதாது என மருத்துவ சபை கண்டது. அந்தக் கவலை நியாயமானதே. நாளை நம் வீட்டு நோயாளியைப் பார்க்கப் போகிறவர் சரியாகப் பயின்றிருக்க வேண்டும் அல்லவா? சபை தன் அறிக்கையை அமைச்சருக்கு அனுப்பியது. அதன்மீது அமைச்சர் அங்கீகாரத்தை நீக்கவில்லை. ஆயினும் சபை அப்பட்டதாரிகளைத் தற்காலிகமாகப் பதிவு செய்ய மறுத்தது. ஆண்டுக்கணக்காகப் படித்த பிள்ளைகள் உள்ளகப் பயிற்சிக்கும் போக முடியாமல் நின்றார்கள்.

ஒரு மாணவி மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார். பதிவு செய்யும்படி 2017 ஜனவரி 31இல் தீர்ப்பு வந்தது. 2018 செப்டெம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. குறைபாட்டைக் கண்டறிந்து விதந்துரைப்பது சபையின் பணி. அங்கீகாரத்தை நீக்குவது அமைச்சரின் அதிகாரம். அது நீக்கப்படாதவரை, பதிவு செய்வது சபையின் விருப்பமல்ல, கடமை. சபையின் கவலை சரியாக இருந்தாலும் இல்லாத அதிகாரம் அதனால் வந்துவிடாது. இதனையே அதிகார வரம்பு மீறல் என்கிறோம்.

(2017இல் இப்பிரச்சினைக்காக வைத்தியர்கள் வேலைநிறுத்தம் செய்தது உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். பின்னர் சைட்டம் மூடப்பட்டு, மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டனர். பரீட்சைக்கு இது அவசியமில்லை.)

சபை வரம்பு மீறினால் பாதிக்கப்பட்டவர் எங்கே செல்லலாம்? அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம். உறுப்புரை இலக்கத்தைத் தவறாமல் எழுதுக.

பயிற்சி வினா: பதிவேட்டிலிருந்து வைத்தியர் ஒருவரின் பெயரை விசாரணையின்றி மருத்துவ சபை நீக்கியது எனக் கொள்க. அவருக்குள்ள பரிகாரத்தைக் காரணங்காட்டி விளக்குக.