விளையாட்டுக் கணினி: முதற்செலவு எதற்கு?

கணினியை முழுதாக வாங்காமல், உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வழக்கம் இளைஞர்களிடையே உண்டு. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் வாழ்வோர்க்கு இது எளிது. பச்சை வழி மெட்ரோவில் மந்திரி ஸ்கொயர் சம்பிகே ரோடு நிலையத்தில் ஏறினால், மெஜஸ்டிக்கை அடுத்து வருவது சிக்கபேட்டை. அங்கிருந்து சிறிது தொலைவில் கணினி உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற எஸ்.பி. சாலை இருக்கிறது.

இவ்வாறு கட்டிய கணினியில் சில ஆண்டுகளுக்குப் பின் புதிய விளையாட்டுகள் தடுமாறத் தொடங்கும். உடனே வீட்டில் எழும் கோரிக்கை, புதிய கிராபிக்ஸ் கார்டு. கையிலுள்ள தொகை முழுவதும் அந்த ஒரே உறுப்புக்குப் போய்விடுகிறது. மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பவர் சப்ளையும் (எஸ்.எம்.பி.எஸ்.), வெப்பத்தை வெளியேற்றும் கூலரும் ஃபேன்களும் பழையனவாகவே நின்றுவிடுகின்றன. இவ்விரண்டும் விளையாட்டின் வேகத்தைத் தாமாகக் கூட்டுவதில்லை. ஆயினும் மற்ற உறுப்புகள் அனைத்தின் ஆயுளும் இவற்றை நம்பியே இருக்கிறது. எதற்கு எவ்வளவு, எந்த வரிசையில் செலவிடுவது என்பதை இக்கட்டுரையில் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மின்சார வரவுசெலவு

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவரின் கணினியில் ரைசன் 5 5600 பிராசசரும், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டும், பெயர் தெரியாத நிறுவனத்தின் 450 வாட் பவர் சப்ளையும் உள்ளன. அவர் ஆர்டிஎக்ஸ் 4070 கார்டுக்கு மாற விரும்புகிறார்.

பழைய கார்டின் மின்தேவை 75 வாட். மதர்போர்டில் கார்டு அமரும் இடமே 75 வாட் வரை தரவல்லது. ஆகவே அவ்வகைக் கார்டுகள் பலவற்றுக்குத் தனி மின்கம்பி தேவைப்படுவதில்லை. புதிய கார்டின் தேவையோ 200 வாட். பிராசசரின் பெட்டியில் 65 வாட் என்று காணப்பட்டாலும், முழுச்சுமையில் அது ஏறத்தாழ 76 வாட் வரை எடுத்துக்கொள்ளும். மதர்போர்டு, நினைவகம், எஸ்.எஸ்.டி., ஃபேன்கள் ஆகிய அனைத்துக்கும் தாராளமாக 64 வாட் ஒதுக்குவோம். மொத்தம் 340 வாட்.

கையில் 450 வாட் இருக்கும்போது 340 வாட் செலவுக்கு என்ன தடை என்று கேட்கத் தோன்றும். தடைகள் இரண்டு. முதலாவது, கிராபிக்ஸ் கார்டின் தேவை சீரானதன்று. நொடியின் மிகச் சிறு பகுதியில் அது தன் சராசரியைக் காட்டிலும் பன்மடங்கு பாய்ந்து இறங்கும். 2022-இல் வெளிவந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதனைக் கருத்தில் கொண்டு, பவர் சப்ளை 100 மைக்ரோநொடி நேரம் தன் அளவைப் போல் இரு மடங்கைத் தாங்க வேண்டும் என வகுத்தது. இரண்டாவது, பெயர் தெரியாத பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப இயலாது. கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் பயன்படுத்துவது 12 வோல்ட் தடத்தின் மின்சாரத்தையே. பெட்டியின் பக்கவாட்டிலுள்ள அட்டவணையில் அந்தத் தடத்துக்கு எத்தனை வாட் என்று பார்க்க வேண்டும். மொத்தம் 450 என்றிருந்து 12 வோல்ட் தடத்தில் 300 மட்டுமே இருந்தால், நம் கணக்குக்கு அது போதாது.

ஆர்டிஎக்ஸ் 4070 கார்டுக்கு அதன் தயாரிப்பாளரான என்விடியா பரிந்துரைப்பது 650 வாட் பவர் சப்ளை. நம் கணக்கில் அதன் சுமை ஏறத்தாழ 52 விழுக்காடு. பெரும்பாலான பவர் சப்ளைகள் பாதிச் சுமையை ஒட்டியே மிகச் சிக்கனமாக இயங்குகின்றன. ஆகவே இது பொருத்தமான அளவு. அச்சத்தால் 1000 வாட் வாங்குவது வீண்செலவு. குடும்பத்துக்கு அவசரகால இருப்பு வேண்டும் என்பதற்காக ஊதியம் முழுவதையும் சேமிப்புக் கணக்கிலேயே வைப்பதில்லை அல்லவா? இருப்பு என்பது தேவையை ஒட்டி அமைய வேண்டும்.

முத்திரையின் பொருள்

பவர் சப்ளைப் பெட்டிகளில் 80 பிளஸ் என்ற முத்திரையும், அதன்கீழ் பிரான்ஸ், கோல்டு முதலிய தரங்களும் காணப்படும். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை விழுக்காடு கணினிக்குச் சேர்கிறது என்பதை இவை குறிக்கின்றன. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில், சாதாரண முத்திரைக்கு 80, பிரான்ஸ் தரத்துக்கு 85, கோல்டு தரத்துக்கு 90 விழுக்காடு தேவை. எஞ்சியது பெட்டிக்குள்ளேயே வெப்பமாகிறது.

நம் மாணவர் நாள்தோறும் 4 மணி நேரம் முழுச்சுமையில் விளையாடுவதாகக் கொள்வோம். 340 வாட் தேவைக்கு 80 விழுக்காட்டுப் பெட்டி சுவரிலிருந்து 425 வாட் எடுக்கும். 90 விழுக்காட்டுப் பெட்டிக்கு 378 வாட் போதும். ஆண்டுக்கு 1,460 மணி நேரத்தில் மிச்சமாவது ஏறத்தாழ 69 யூனிட். யூனிட் 7 ரூபாய் எனக் கொண்டால் ஆண்டுக்கு 480 ரூபாய் சொச்சம். ஐந்தாண்டுகளில் 2,400 ரூபாய். இது உச்ச அளவு. குறைவாக விளையாடுவோர்க்கு மிச்சமும் குறையும். விலை வேறுபாட்டை இந்தத் தொகையோடு ஒப்பிட்டுத் தரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒன்றை மறக்கலாகாது. இந்த முத்திரை சிக்கனத்தை மட்டுமே அளக்கிறது, பாதுகாப்பை அளப்பதில்லை. மிகுமின்னழுத்தம், மிகுமின்னோட்டம், குறுக்குச் சுற்று, மிகுவெப்பம் ஆகியவற்றின்போது தானே அணைந்துவிடும் காப்பு வசதிகள் உள்ளனவா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பவற்றைத் தனியே கேட்டறிய வேண்டும்.

வெப்பத்தின் கணக்கு

மல்லேஸ்வரத்தை அடுத்துள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பரம் பிரவேகா என்னும் 3.3 பெட்டாஃப்ளாப் திறனுடைய பெருங்கணினி 2022-இல் நிறுவப்பட்டது. அதற்கும் நம் மேசைக் கணினிக்கும் இயற்கை விதி ஒன்றே: உள்ளே செல்லும் மின்சாரம் ஏறத்தாழ அனைத்தும் வெப்பமாக வெளியேறியாக வேண்டும்.

காற்றாலோ நீராலோ இயங்கும் வழக்கமான கூலர் எதுவும் அறையின் வெப்பத்துக்குக் கீழே கணினியைக் குளிர்விக்காது. 24 பாகை அறையில் 75 பாகையில் இயங்கும் பிராசசர், அதே சுமையில் 34 பாகை அறையில் ஏறத்தாழ 85 பாகையை எட்டும். நம் எடுத்துக்காட்டிலுள்ள பிராசசருக்கு 90 பாகை எல்லை. அதை நெருங்கினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெங்களூரு குளிர்ந்த ஊர் என்ற எண்ணத்தில் இதனை அலட்சியம் செய்யலாகாது. 2016 ஏப்ரலில் இந்நகரில் 39.2 பாகை பதிவாகியது. மேலும், இந்நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்குள்ள காற்று சென்னைக் காற்றைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அதே ஃபேன் அதே வேகத்தில் சுழன்றாலும் சற்றுக் குறைந்த வெப்பத்தையே அகற்றும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்க. எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளை இயக்கிவிட்டு, அரை மணி நேரம் விளையாடி, அறையின் வெப்பத்தையும் பிராசசர், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் வெப்பத்தையும் குறித்துக்கொள்க. பின்னர் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவைத்து, அதே விளையாட்டை அதே நேரம் ஆடுக. வெப்பம் பெருமளவு இறங்கினால் குறை காற்றோட்டத்தில் உள்ளது. இறங்காவிட்டால் குறை கூலரிலோ, அதற்கும் பிராசசருக்கும் இடையே தடவிய தெர்மல் பேஸ்ட்டிலோ உள்ளது. வெப்பம் எல்லைக்குள் இருந்தும் விளையாட்டின் நடுவே கணினி திடீரென அணைந்து எழுந்தால், பவர் சப்ளையையோ வீட்டு மின்சாரத்தையோ ஐயுற வேண்டும்.

காற்றோட்டக் குறைக்குப் பெரும்பாலும் சில நூறு ரூபாயே மருந்து. 1898-இல் பெங்களூருவைப் பிளேக் நோய் தாக்கிய பின்னர், நெருக்கமான பழைய பேட்டையை விட்டு மக்கள் மல்லேஸ்வரம், பசவனகுடி போன்ற புதிய பகுதிகளில் குடியேறினர். அகன்ற தெருக்களும் காற்றோட்டமுமே அவற்றின் சிறப்பு. கேபினெட்டுக்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டும். முன்புறம் காற்று உள்ளே வரவும், பின்புறமும் மேற்புறமும் வெளியேறவும் ஃபேன்களை அமைக்க வேண்டும். உள்வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று மிகுதியாக இருந்தால், தூசு வடிகட்டி வழியாகவே காற்று நுழையும். வடிகட்டியை மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். பவர் சப்ளை அடிப்புறம் இருக்கும் கேபினெட்டைக் கம்பளத்தின் மேல் வைத்தால் அதன் மூச்சு அடைபடும்.

தெர்மல் பேஸ்ட்டை மாற்றும்போது பட்டாணி அளவு போதும். புதிய கூலரின் அடியிலுள்ள காப்புத் தாளை மறவாமல் உரித்துவிட வேண்டும். 76 வாட் பிராசசருக்கு நல்ல காற்றுக் கூலரே தாராளம். நீர்க் கூலர், 140 வாட்டுக்கு மேல் எடுக்கும் பிராசசர்களுக்கு உதவும். ஆனால் காற்றுக் கூலரில் ஃபேன் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். நீர்க் கூலரில் பம்பு பழுதானால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற நேரும்.

குளிர்ச்சியும் மின்சாரமும் வெவ்வேறு செய்திகள் அல்ல. பவர் சப்ளைக்குள் உள்ள மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 பாகை உயருந்தோறும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. புழுங்கும் கேபினெட்டில் நல்ல பவர் சப்ளையும் விரைவில் முதுமை எய்தும்.

பூட்டும்போது

பழைய பவர் சப்ளையின் கம்பிகளைப் புதியதில் செருகலாகாது. கழற்றி மாட்டும் கம்பிகளில், பவர் சப்ளைப் பக்கத்து முனைகளுக்குப் பொது விதி இல்லை. ஒரு நிறுவனத்தின் கம்பி மற்றொன்றின் துளையில் அழகாகப் பொருந்தும். ஆயினும் 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாயக்கூடும். எஸ்.எஸ்.டி.யும் அதிலுள்ள குடும்பப் புகைப்படங்களும் ஒரு நொடியில் அழியும். பணி தொடங்குமுன் கோப்புகளின் நகலை வேறிடத்தில் சேமித்துவைப்பது இன்றியமையாதது.

புதிய கார்டுகளில் காணப்படும் 16 முள் இணைப்பு 600 வாட் வரை கடத்தவல்லது. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் இம்முனை உருகியது உலகெங்கும் பேசப்பட்டது. முனை முழுமையாகச் செருகப்படாமை ஒரு பொதுக் காரணம் என என்விடியா தெரிவித்தது. பின்னர் இணைப்பின் வடிவம் திருத்தப்பட்டது. இடைவெளி தெரியாதவாறு இறுதிவரை அழுத்திச் செருகுவதும், முனையின் அருகே கம்பியை வளைக்காதிருப்பதும் நம் கடமை.

பவர் சப்ளைப் பெட்டியை எக்காரணத்தாலும் திறக்கலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் உள்ளே ஏறத்தாழ 400 வோல்ட் வரை தேங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து.

வீட்டு மின்சாரம்

மூன்றாவது முள் வெறும் அலங்காரம் அன்று. எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிக்க வேண்டும். யூபிஎஸ் வாங்குவோர் விஏ என்ற எண்ணோடு வாட் எண்ணையும் பார்க்க வேண்டும். 600 விஏ யூபிஎஸ்களில் பல 360 வாட் மட்டுமே தருவன. சுவரிலிருந்து 378 வாட் எடுக்கும் நம் எடுத்துக்காட்டுக் கணினிக்கு அவை போதா. வீட்டு இன்வெர்ட்டரைப் பயன்படுத்துவோர் அதனை யூபிஎஸ் நிலையில் வைக்க வேண்டும். மின்தடையின்போது பவர் சப்ளை தாங்கி நிற்பது ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே. சாதாரண நிலையில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகலாம்.

பணத்தின் வரிசை

செலவின் வரிசை இதுவாக அமையட்டும். முதலில் அளவிடல், அதற்குச் செலவில்லை. அடுத்துத் தூசு நீக்கம், காற்றோட்டம், தெர்மல் பேஸ்ட். பலருக்கு இதனோடு குறை தீர்ந்துவிடும். புதிய கார்டே தேவைப்படாது போகலாம். மூன்றாவது, கணக்குக்கேற்ற பவர் சப்ளை. நான்காவது, தேவைப்பட்டால் கூலர். இவற்றுக்குப் பின் எஞ்சும் தொகைக்குள் அடங்கும் கிராபிக்ஸ் கார்டே நமக்குரிய கார்டு. ஒரு படி குறைந்த கார்டு நல்ல பவர் சப்ளையோடு பல ஆண்டு உழைக்கும்.

ஜிஎஸ்டி எண்ணுடைய பில்லையும், பெட்டியிலுள்ள வரிசை எண்ணின் படத்தையும் பத்திரப்படுத்துக. இவை இல்லாமல் உத்தரவாதத்தைக் கோருவது கடினம். தவணையில் வாங்குவோர் 'வட்டியில்லாத் தவணை' என்னும் விளம்பரத்தை ஆராய்க. பூஜ்ய வட்டி என்ற கருத்தே இல்லாதது என்றும், வட்டி பல வேளைகளில் செயலாக்கக் கட்டணமாக மறைக்கப்படுகிறது என்றும் 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. கிரெடிட் கார்டுத் தவணையின் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் உண்டு. ரொக்க விலையையும், கட்டணங்கள் சேர்ந்த மொத்தத் தவணைத் தொகையையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிடுக.

பிள்ளைகள் கணினியின் வேகத்தைப் பற்றிப் பேசும்போது, பெற்றோர் இந்தக் கணக்கைப் பற்றிப் பேசலாம். இருவரும் சேர்ந்து ஒரு மாலை அமர்ந்து வாட்டையும் பாகையையும் ரூபாயையும் எழுதிப் பார்த்தால், எஸ்.பி. சாலைக்குச் செல்லும் முன்பே வாங்க வேண்டியது எது, வேண்டாதது எது என்பது தெளிவாகிவிடும்.