மாசும் பயன் தரும்: மின்சேமிப்பில் காபன் தாள்கள்

1998ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மொன்றியலையும் அயலூர்களையும் உறைமழை தாக்கியது. பனிக்கட்டியின் பாரம் தாங்காது மின்கம்பங்களும் கோபுரங்களும் சரிந்தன. கியூபெக் மாகாணத்தில் ஏறத்தாழ அரைவாசி மக்கள் மின்சாரமின்றிக் கடுங்குளிரில் வாடினர். ஆற்றுநீரால் பெருமளவு மின்சாரம் பிறப்பிக்கும் மாகாணத்திலேயே இந்நிலை நேர்ந்ததெனின், மின்சாரத்தைச் சேமித்து வைப்பது எத்துணை இன்றியமையாதது என்பதை நாம் உணரலாம். அச்சேமிப்புக்கு அடிப்படையான மின்வாய் பற்றி இங்கு நோக்குவோம்.

பென்சிலும் மின்கலமும்

கைத்தொலைபேசியிலுள்ள இலிதியம் அயன் மின்கலத்தில் இரு மின்வாய்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று பெரும்பாலும் காரீயத்தால் ஆனது. பென்சிலில் களிமண்ணோடு கலந்திருப்பதும் இதுவே. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் காரீயம் தூய்மைக்குப் பெயர் பெற்றது.

காரீயம் என்பது காபன் அணுக்களாலான தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்ட பொருளாகும். ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் ஏறத்தாழ 30 இலட்சம் தாள்கள் உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஆந்திரே கெய்ம், கொன்ஸ்தாந்தின் நொவோசெலோவ் ஆகியோர் காரீயத்தை ஒட்டுநாடாவால் உரித்து உரித்துத் தனித்தாளைப் பிரித்தெடுத்தனர். அவ்வாய்வை 2004இல் வெளியிட்டு, 2010இல் நோபல் பரிசு பெற்றனர். அத்தனித்தாளே கிராபீன்.

மாசூட்டல்

மீக்கொள்ளளவி என்னும் கருவியில் அயன்கள் மின்வாயின் மேற்பரப்பில் திரள்வதாலேயே மின்னேற்றம் சேமிக்கப்படுகிறது. ஆதலால் பரப்பு மிகுந்தால் சேமிப்பும் மிகும். கணிப்பின்படி ஒரு கிராம் கிராபீனின் பரப்பு ஏறத்தாழ 2,630 சதுர மீற்றர்!

ஆயினும் இரு குறைகள் உள. தனித்தாள்கள் மீண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பரப்பை இழக்கின்றன. இதைத் தடுக்கத் தாள்களைக் கசக்கியும், இடையே வேறு பொருள்களை வைத்தும் ஆய்வாளர் முயல்கின்றனர். மற்றையது, தூய தாளில் எளிதில் நடமாடும் இலத்திரன்கள் குறைவு. இதற்கு மருந்தே மாசூட்டல்.

காபன் அணுவின் வெளியோட்டில் 4 இலத்திரன்கள் உள்ளன. நைதரசனுக்கு 5, போரனுக்கு 3. காபன் அணுக்கள் சிலவற்றின் இடத்தில் நைதரசன் அமர்ந்தால் தாளுக்கு மேலதிக இலத்திரன்கள் கிடைக்கின்றன. போரன் அமர்ந்தால் இலத்திரன் வெற்றிடங்கள் உண்டாகின்றன. இரண்டுமே மின்னேற்றத்தின் நடமாட்டத்துக்கு உதவுகின்றன. அயன்களைக் கவரும் இடங்களும் தோன்றுகின்றன.

மாசு என்றால் குற்றம் என்பதே நாம் அறிந்த பொருள். இங்கோ அளவறிந்து சேர்த்த மாசு குணமாகிறது. அளவு மீறின் அணுக்களின் பின்னல் குலைந்து மின்கடத்துதிறன் குன்றும்.

நமது நகரின் பங்கு

சிறு சேர்க்கை ஒரு மின்வாயையே மாற்றிவிடும் என்பதற்கு மொன்றியலிலும் சான்றுண்டு. 1997இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஜோன் குடினவ் குழுவினர் இலிதியம் இரும்புப் பொசுபேற்று என்னும் மின்வாய்ப் பொருளை அறிவித்தனர். அது பாதுகாப்பானது; ஆனால் மின்சாரத்தை நன்கு கடத்தாதது. மொன்றியல் பல்கலைக்கழகத்து மிசேல் ஆர்மண்டும் ஹைட்ரோ-கியூபெக் ஆய்வாளரும் அதன் துணிக்கைகளுக்கு மெல்லிய காபன் போர்வை இட்டு அக்குறையைப் போக்க வழிகாட்டினர். இன்று மின்சார ஊர்திகள் பலவற்றில் அப்பொருள் பயன்படுகிறது.

செய்து பார்ப்போம்

பெற்றோர் துணையுடன், மென்மையான பென்சிலால் தாளில் தடித்த கருங்கோடொன்று வரைக. 9 வோல்ற் மின்கலத்தையும் சிறு எல்.ஈ.டி. விளக்கையும் அக்கோட்டின் ஊடாக மட்டுமே இணைக்க, நேரடியாக இணைத்தலாகாது. கோடு நீள நீள ஒளி மங்குவது ஏன்?

மாசூட்டிய கிராபீனைச் சீராகவும் மலிவாகவும் பெருந்தொகையாக ஆக்குவது இன்னும் எளிதாகவில்லை. அதற்கு வழி காண்போர் நம் மாணவரிடையேயும் தோன்றலாம். பிள்ளைகளே, வாரநாட்களில் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ கற்கும் விஞ்ஞானத்தை வீட்டில் அம்மம்மாவுக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். இலத்திரன், அயன், மின்வாய் என்னும் சொற்கள் உங்கள் நாவில் வழங்கும் வரையே அவை வாழும் சொற்கள்.